சானடோரியம் வார்டிலிருந்து கைப்பேசி வரை: தாம்பரம் வட்டாரத்தில் நோயாளிக்கு நோயாளி துணையான கதை

நீண்ட நோயில் விழுந்தவருக்கு, அதே நோயில் இருப்பவரோ அதைக் கடந்து வந்தவரோ துணைநிற்கும் வழக்கத்துக்குத் தாம்பரம் வட்டாரத்தில் ஏறக்குறைய நூறாண்டு வரலாறு உண்டு. படப்பையிலிருந்து வாலாஜாபாத் சாலையில் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் தாம்பரம். அங்கே ரயில் ஏறினால், சென்னை செல்லும் வழியில் அடுத்த நிறுத்தம் 'தாம்பரம் சானடோரியம்'. நிறுத்தத்துக்கு அந்தப் பெயரைத் தந்த இடம் அரசு ஆவணங்களில் நெஞ்சக நோய் மருத்துவமனை. மக்கள் வாயில் இன்றும் சானடோரியம்தான். ஒரகடம் தொழிற்சாலைகள் வருவதற்கு வெகு காலம் முன்பே, விடாத இருமலோடு வாலாஜாபாத் சாலையில் வந்தவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கம்.

அந்தச் சானடோரியத்தை நிறுவியவர் டாக்டர் டேவிட் சவுரி முத்து. இங்கிலாந்தில், சாமர்செட் பகுதியின் மெண்டிப் குன்றுகளில் காசநோயாளிகளுக்கான சானடோரியம் ஒன்றை நடத்தியவர். 1914-இல் கணிதமேதை ராமானுஜன் இங்கிலாந்துக்குப் போன 'நெவாசா' கப்பலில் இவரும் பயணம் செய்தார். மூன்றாண்டு கழித்து உடல் நலிந்த ராமானுஜன் சிகிச்சைக்காகச் சிறிது காலம் தங்கியது இவருடைய சானடோரியத்தில்தான். ராமானுஜனுக்கு வந்தது காசநோய் என்றே அன்று பெரும்பாலும் கருதப்பட்டது. கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்ற கருத்து பல பதிற்றாண்டுகள் கழித்தே முன்வைக்கப்பட்டது. என்ன நோய் என்றே உறுதியாகத் தெரியாமல், உணவு பழகாத இடத்தில் தனியே படுத்திருந்த அந்தத் தமிழ் இளைஞரின் நிலை, பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் எந்த நோயாளிக்கும் அந்நியமானதல்ல.

தாயகம் திரும்பிய முத்து, 1928-இல் தாம்பரத்தில் பச்சைமலை அடிவாரத்தில் 12 படுக்கைகளோடு சானடோரியத்தைத் தொடங்கினார். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கண்டுபிடிக்கப்பட இன்னும் 15 ஆண்டுகள் இருந்தன. காசநோய்க்கு அன்று முக்கிய மருத்துவம் நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான உணவு ஆகியவைதான். 1937-இல் அரசு இதை ஏற்றுக்கொண்டது. சானடோரியத்துக்கு வந்தவர் ஒரு வாரத்தில் வீடு திரும்பமாட்டார். மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். காலை மாலை காய்ச்சல் அளவு, வாரந்தோறும் எடை, அவ்வப்போது எக்ஸ்ரே, மூடியிட்ட குவளையில் சளி. இந்த நான்கும்தான் சானடோரிய வாழ்க்கையின் நாள்காட்டி. எடை ஒரு பவுண்டு கூடினால் அது நற்செய்தி; சளியில் கிருமி 'இல்லை' என்று வந்தால் திருவிழா. அந்தச் செய்தியின் கனம் புரிந்தவர் வீட்டில் இருந்த உறவினரைவிடப் பக்கத்துப் படுக்கைக்காரர்தான். அவருக்கும் அதே குவளை, அதே காத்திருப்பு.

இந்தப் பிணைப்பு மருத்துவ முறையாகவே முன்பு கையாளப்பட்டிருந்தது. 1905-இல் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியத்துக்குப் பணம் கட்ட வழியற்ற காசநோயாளிகளை வாரம் ஒருமுறை ஒரு தேவாலயக் கட்டடத்தில் கூட்டினார். ஒவ்வொருவரும் தம் காய்ச்சலையும் உணவையும் ஓய்வையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு வரவேண்டும். தேறி வருபவர் புதிதாக வந்தவருக்கு எதிரே உட்கார்ந்து பேசுவார். இனமும் மதமும் வேறான ஏழைகளை ஒரே நோய் ஒட்டவைப்பதைப் பிராட் கவனித்து எழுதினார். குழுவாக அமர்த்திச் சிகிச்சை தருவதன் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

சானடோரியத்தின் காலத்தை முடித்துவைத்ததும் சென்னைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு ஆகியவை சேர்ந்து 1956-இல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. நகரின் நெரிசலான பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரை வீட்டிலும் வைத்து, இரு பிரிவினருக்கும் ஒரே மாத்திரைகளை ஓராண்டு கொடுத்தார்கள். 1959-இல் வெளியான முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையைத் திருப்பிப்போட்டது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் வீட்டிலிருந்தபடியே ஏறக்குறைய அதே அளவு குணமாகலாம். வீட்டில் வைத்துப் பார்ப்பதால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை.

ஏழைகளுக்கு இது பெரும் விடுதலை. வேலையையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு மலையடிவாரத்தில் படுத்திருக்கத் தேவையில்லாமல் போனது. கூடவே பக்கத்துப் படுக்கையும் போயிற்று என்பதை அன்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை. வீட்டில் இருக்கும் நோயாளி ஊருக்குத் தெரியாமல் மாத்திரை சாப்பிட்டார். வாந்தி வந்தால், சிறுநீர் சிவப்பாகப் போனால், 'இது எல்லாருக்கும் வருவதுதானா?' என்று கேட்க ஆளில்லை. இருமல் நின்ற இரண்டாம் மாதத்திலேயே பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அதைத் தடுக்க, இன்னொருவர் கண்முன் மாத்திரையை விழுங்கும் முறை வகுக்கப்பட்டு, 1997-இல் தொடங்கிய திருத்தப்பட்ட தேசிய காசநோய்த் திட்டத்தின் அடித்தளமானது. விழுங்குவதைப் பார்க்க ஆள் கிடைத்தது. பயத்தைப் பகிர்ந்துகொள்வது வேறு காரியம். அதற்கு அந்த ஆள் போதவில்லை.

தாம்பரத்தின் அடுத்த அத்தியாயம் ஓர் இரத்தப் பரிசோதனையில் தொடங்குகிறது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், மேற்படிப்பு மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் இரத்த மாதிரிகள் சேகரித்தார். எலிசா சோதனைக்கு வசதி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்ததால், மாதிரிகள் ஐஸ் பெட்டியில் ரயிலேறின. ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தெரிந்தது. இந்தியாவில் அந்தக் கிருமி முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது அப்போதுதான். சானடோரியம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை என்று பெயர் மாறியதும் அதே 1986-இல்தான்.

1993-இல் முதல் எச்.ஐ.வி. நோயாளி தாம்பரம் வந்தார். எச்.ஐ.வி. உள்ளவர்களைத் தாக்கும் நோய்களில் காசநோயே முதன்மையானது என்பதால், நெஞ்சக மருத்துவமனைக்கு அவர்கள் வந்து சேர்ந்தது இயல்பு. வேறு இடங்களில் கட்டில் கிடைக்காதவர்களும் இங்கேதான் வந்தார்கள். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும்கூட வந்தார்கள். நாட்டிலேயே எச்.ஐ.வி. நோயாளிகளை அதிகமாகப் பார்க்கும் மருத்துவமனையாகத் தாம்பரம் ஆனது. கிருமியை அடக்கும் மருந்து அன்று உலகச் சந்தையில் ஆண்டுக்கு 10,000 டாலர் அளவில் இருந்தது. கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் தெய்வநாயகம், ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் ஆகிய மூன்று சித்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். அவை கிருமியை ஒழிக்கவில்லை. ஆனாலும் 'உனக்குக் கொடுக்க ஒன்றுமில்லை' என்று எவரையும் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பாத ஒரு மருத்துவமனை அந்த நாளில் இருந்தது என்பது சிறிய விஷயமல்ல.

நோயாளிகள் தங்களுக்குள் அமைப்பாகத் திரண்டதும் சென்னையில்தான். 1997-இல் எச்.ஐ.வி. உள்ளோருக்கான இந்திய நெட்வொர்க் உருவானது. மறு ஆண்டு, பி. கௌசல்யா முன்னின்று பாசிட்டிவ் பெண்கள் நெட்வொர்க்கைத் தொடங்கினார். கணவரிடமிருந்து தொற்று பெற்று, புகுந்த வீட்டில் குற்றவாளியாக நிறுத்தப்பட்ட இளம் பெண்களுக்கு அது முதல் நிழல். மாவட்டந்தோறும் கிளைகள் முளைத்தன. 'பாசிட்டிவ்' என்ற சோதனைச் சொல்லையே அவர்கள் தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். ஆய்வக அறிக்கையில் அச்சமூட்டிய சொல், ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளும் சொல்லாயிற்று.

2001-இல் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துக் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்து விலையை உடைத்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. நோயாளித் துணையின் உண்மையான பயன் தெரிந்தது அதன் பிறகுதான். அப்போது மருந்து எல்லாருக்கும் உடனே கிடைக்காது. இரத்தத்தில் நோயை எதிர்க்கும் சி.டி.4 அணுக்கள் 200-க்குக் கீழே இறங்கினால்தான் பெரும்பாலோருக்குத் தொடங்குவார்கள். எண்ணிக்கை 230 என்று வந்தவர், அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அன்று மருந்து தொடங்கியவருக்கு நெவிரபின் தோலில் தடிப்பைக் கொண்டுவரும். எஃபாவிரென்ஸ் இரவில் விசித்திரக் கனவுகளைக் கொண்டுவரும். ஸ்டாவுடின் நாளடைவில் கன்னத்தையும் கை கால்களையும் ஒட்டவைக்கும். எது தானாக அடங்கும், எதற்கு உடனே மருத்துவரிடம் ஓடவேண்டும் என்று மருத்துவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அதே கனவைக் கண்டு, அதே தடிப்பைச் சொறிந்து, மூன்றாம் மாதம் பசியெடுத்துச் சாப்பிட்ட ஒருவர் அதைச் சொல்லும்போதுதான் மனம் நம்பும். பாசிட்டிவ் மக்களே கூட்டு மருந்து மையங்களிலும், தமிழ்நாட்டில் 'நம்பிக்கை மையம்' என்று பெயரிடப்பட்ட சோதனை மையங்களைச் சார்ந்தும் ஆலோசகர்களாகப் பணிக்கு வந்தார்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சம்பளமும் நாற்காலியும் கிடைத்தது என்று இதைச் சொல்லலாம். 2017 முதல், சி.டி.4 எண்ணிக்கை எதுவானாலும் உடனே மருந்து தொடங்கப்படுகிறது. ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்வதையும், அவர் நிலையை வெளியே சொல்வதையும் தடுக்கும் சட்டம் அதே ஆண்டில் நிறைவேறி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இதற்குள் படப்பையைச் சுற்றிய ஊர்களின் முகம் மாறிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்சாலைகளுக்குத் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து, ஒரே அறையில் பலராக, ஷிப்டுக்கு ஷிப்டு பாய் மாற்றிப் படுக்கிறார்கள். காற்றோட்டமில்லாத நெரிசல் காசநோய்க்கு உகந்த இடம். நோய் வெளியே தெரிந்தால் அறையும் போகும், ஒப்பந்த வேலையும் போகும் என்ற பயம் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னால் அழுவார், மேற்பார்வையாளரிடம் சொல்லவே முடியாது. இப்படிப்பட்டவருக்கு, ஊர் பெயர் கேட்காமல் பேச்சுக் கொடுக்கும் முகம் தெரியாத நண்பர் கைப்பேசியில் கிடைப்பது ஆறுதல். எச்.ஐ.வி. நெட்வொர்க்குகள் கண்ட வழியைக் காசநோயைக் கடந்தவர்களும் பின்பற்றினார்கள். சென்னையைச் சேர்ந்த 'ரீச்' போன்ற அமைப்புகள், குணமானவர்களுக்குப் பயிற்சி தந்து, புதிய நோயாளிகளுக்குத் துணையாக்குகின்றன. தேசியத் திட்டம் அவர்களைக் 'காசநோய் சாம்பியன்கள்' என்று அழைக்கிறது.

மாத்திரைக்குச் சாட்சி நிற்கும் வேலைக்கும் கைப்பேசி வந்தது. எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்திருப்பவர்களுக்குக் கூட்டு மருந்து மையங்களில் முதலில் கொடுக்கப்பட்ட '99 டாட்ஸ்' அட்டையில், மாத்திரையைப் பிதுக்கினால்தான் அதன் பின்னால் மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். அந்த எண்ணுக்குக் கட்டணமில்லாத அழைப்பு ஒன்று கொடுத்தால், அன்றைய மாத்திரை எடுத்ததாகப் பதிவாகிவிடும். மறுமுனையில் பேச ஆளில்லை என்பதுதான் அதன் குறை.

பேச ஆளிருந்தால் என்ன கிடைக்கும் என்பதைச் சளிப் பரிசோதனையிலேயே பார்க்கலாம். பலர் டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதில் பெரும்பாலும் கிருமி தெரியாது. நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம். முன்பு அந்த டப்பாவைப் பிடித்தவர் குரல் பதிவில் சொல்லித்தருவது இப்படி இருக்கும்: "விடியக்காலையில எழுந்ததும், ஒண்ணும் சாப்பிடாம, வெறும் தண்ணியில வாய் கொப்பளிச்சுக்கோ தம்பி. அறைக்குள்ள வேணாம், மாடிக்குப் போ. ரெண்டு தடவை மூச்சை நல்லா இழுத்து விடு. மூணாவது தடவை நெஞ்சு அடியிலேர்ந்து இருமு. கெட்டியா வரணும். மூடியை இறுக்கிட்டு, எடுத்ததும் எனக்கு ஒரு போன் போடு."