கொட்டகையில் கிடக்கும் பழைய ரேஸ் கார் சேஸிஸ்... எந்த கம்பெனி, எந்த வருஷம்? கண்டுபிடிப்பது எப்படி?

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவில் நின்றால் காற்றில் உப்பு வாசமும் மீன் வாசமும்தான். ஆனால், அங்கிருந்து பொன்னேரி தாண்டி சென்னைப் பக்கம் வந்தால் வரும் சோழவரம், ஒரு காலத்தில் பெட்ரோல் வாசத்துக்குப் பேர் போன ஊர். இரண்டாம் உலகப் போர் கால விமான ஓடுதளத்தில், 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்தியது. 1980-களின் கடைசி வரை, ரேஸ் என்றாலே சோழவரம்தான். விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா 1 காரை ஓட்டியதும் இங்கேதான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு சோழவரம் அமைதியாகிவிட்டது.

ஓடி முடித்த கார்கள் எல்லாம் மியூசியத்துக்கா போயின? பாதி காயலான் கடைக்குப் போனது. மீதி ஷெட்டிலும் தோப்பிலும் கிடந்து துருப்பிடித்தது. அப்படி ஒரு சட்டம் உங்கள் கண்ணில் பட்டால், எடைக்குப் போடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். அது யார் தயாரித்தது, எந்தக் காலத்தது என்பதை ஓரளவு நீங்களே கண்டுபிடிக்கலாம்.

முதல் விதி: கிரைண்டரைத் தொடாதீர்கள்

துருவைப் பார்த்ததும் எமரி, வயர் பிரஷ் என்று இறங்கிவிடுவோம். அதுதான் பெரிய தப்பு. பழைய பெயின்ட் அடுக்கு, ரேஸ் நம்பர், ஸ்டிக்கர் தடம், லேசாகப் பொறித்த எண் எல்லாமே சாட்சிகள். உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் துருவின் பிடியில்தான் அந்த எண்ணே ஒட்டிக்கொண்டிருக்கும். தேய்த்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

முதலில் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். எண் இருக்கும் என்று சந்தேகப்படும் இடத்தில் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்து மெதுவாகத் துடைத்து, டார்ச்சை பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மெல்லிய பேப்பரை வைத்து பென்சிலால் தேய்த்தாலும் எழுத்து எழும்பும். முக்கியமான விஷயம், சேஸிஸ் நம்பரைச் சுரண்டுவதோ, புதுசாகப் பொறிப்பதோ சட்டப்படி குற்றம்.

சட்டமா, பாடியா?

அம்பாசடரிலும், ஃபியட் 1100 டிலைட், பத்மினி வகைகளிலும் பாடியே சட்டம். தனியாகக் கழற்றி எடுக்கிற சேஸிஸ் கிடையாது. ஆனால், சென்னையிலேயே 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு தனி சேஸிஸ் உண்டு. பாடியைக் கழற்றிவிட்டு வேறு பாடி போட வசதி. எனவே, கையில் இருப்பது ரோட்டுக் காரில் இருந்து வந்த தனிச் சட்டம் என்றால், முதல் சந்தேகம் ஹெரால்டு மீது விழ வேண்டும்.

அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங், இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஆடுகிற ஆக்ஸில் இருந்தால் ஹெரால்டு. அதன் வழியில் 1970-களில் வந்த கெஸலில் ஒரே துண்டாக நேர் ஆக்ஸில் வந்துவிட்டது. பின் ஆக்ஸிலை மாற்றாமல் விட்டிருந்தால், இந்த ஒரு வித்தியாசமே காலத்தைச் சொல்லிவிடும்.

வெறும் குழாய்களை ஒட்டிக் கூண்டு மாதிரி செய்திருந்தால், அது ரேஸுக்கென்றே கட்டியது.

டேப் எடுங்கள்

முன் சக்கர மையத்தில் இருந்து பின் சக்கர மையம் வரை அளந்தால் அதுதான் வீல்பேஸ். ஹெரால்டு 2,324 மி.மீ. ஃபியட் 1100 சுமார் 2,340 மி.மீ. அம்பாசடர் சுமார் 2,464 மி.மீ. ஆனால், ரேஸுக்காகச் சட்டத்தை வெட்டிச் சுருக்குவது சகஜம். அளவு ஒத்துவரவில்லை என்றால் நடுவில் வெட்டி ஒட்டிய வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஸ்பேனர் சொல்லும் ரகசியம்

போல்ட்டுகள் பொய் சொல்வது குறைவு. 7/16, 1/2 போன்ற இன்ச் ஸ்பேனர் கச்சிதமாகப் பிடித்தால் பிரிட்டிஷ் வழி. அதாவது ஹெரால்டு அல்லது இங்கிலாந்தில் இருந்து வந்த ரேஸ் கார். 10, 17 என்று மில்லிமீட்டர் ஸ்பேனர் பிடித்தால் ஃபியட் அல்லது மாருதி வழி. இரண்டும் கலந்திருந்தால், உள்ளூர் மெக்கானிக் கைவண்ணம்.

வெல்டிங்கையும் கவனியுங்கள். இணைப்பில் மஞ்சளாகப் பித்தளை நிறம் தெரிந்தால் பழைய பாணி. 1960-களின் பிரிட்டிஷ் ரேஸ் கார்களில் இது வழக்கம். பொட்டு பொட்டாக, மேடு பள்ளமாக இருந்தால் ஆர்க் வெல்டிங். ஒரே சீராக ஓடினால் பெரும்பாலும் பிற்காலத்து வேலை, அல்லது ரிப்பேர்.

இங்கேதான் ஏமாறுவோம்

முன் சக்கரத்தைத் தாங்கும் பாகம் ஹெரால்டுடையது என்பதால் மொத்த காரும் ஹெரால்டு ஆகிவிடாது. அந்தக் காலத்தில் லோட்டஸ் போன்ற பிரிட்டிஷ் கம்பெனிகளே அந்தப் பாகத்தை வாங்கித் தங்கள் ரேஸ் கார்களில் போட்டார்கள். கழற்றி மாட்டக்கூடிய எதையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். டயரும் லைட்டும் நேற்று மாட்டியதாகக்கூட இருக்கலாம்.

சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் செய்யப்பட்டதுதான் நம்பகமான சாட்சி. உதாரணமாக, இன்ஜின் தாங்கி. அது முதலில் இருந்தே மாருதியின் 3 சிலிண்டர் இன்ஜினுக்காகச் செய்யப்பட்டது என்றால், கார் 1983 டிசம்பருக்கு முன் பிறந்திருக்க முடியாது. மாருதி 800 ரோட்டுக்கு வந்ததே அப்போதுதான். கோவையின் கரிவரதன், 1980-களின் கடைசியில் மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை சீட் கார்களைக் கொண்டுவந்தார். அவர் பெயரில்தான் இன்று கோவை செட்டிபாளையம் டிராக் இருக்கிறது. குழாய்ச் சட்டம், சீட்டுக்குப் பின்னால் மாருதி இன்ஜின் தாங்கி என்று இருந்தால், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததா என்று கட்டாயம் விசாரியுங்கள்.

தார் ரோடா, மண் ரோடா?

சோழவரம் ஓடுதளத்தில் ஓடிய கார் தரையோடு தரையாக இருக்கும். மண் பாதையில், ராலியில் ஓடியது என்றால் அடியில் கனமான தகடு, ஸ்பிரிங் பிடிக்கும் இடங்களில் கூடுதல் பட்டி, கல் அடித்த பள்ளங்கள் இருக்கும். பாடித் துண்டு ஏதாவது மிச்சமிருந்தால், கையால் தட்டிய அலுமினியமா, ஃபைபரா என்று பாருங்கள். ஃபைபர் என்றால், பழவேற்காடு பக்கம் ஃபைபர் படகு ரிப்பேர் செய்பவரிடம் காட்டலாம். எது முதலில் போட்ட அடுக்கு, எது பிறகு ஒட்டியது என்று கைவைத்துப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

கடைசியாக, பேப்பர்

ரேஸ் கார்களுக்குப் பல நேரம் ஆர்.சி புக் இருக்காது. அதற்குப் பதில் பழைய ரேஸ் நிகழ்ச்சிப் புத்தகம், பேப்பர் கட்டிங், ரசிகர்கள் எடுத்த போட்டோ ஆகியவை உதவும். போட்டோவில் டிரைவர் முகத்தைப் பார்க்காதீர்கள். ரோல் பார் வளைவையும் குழாய் சேரும் இடத்தையும் உங்கள் சட்டத்தோடு ஒப்பிடுங்கள்.

'இது இன்னார் ஓட்டின வண்டி சார்' என்று விலை சொன்னால் சிரித்துக்கொண்டே ஆதாரம் கேளுங்கள். நீங்களும் ஒரு நோட்டில் மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள்: கண்ணால் பார்த்து உறுதியானது, இருக்கலாம் என்று தோன்றுவது, பிறர் சொன்ன கதை. நாளைக்கு விற்றாலும் புதுப்பித்தாலும், சட்டத்தோடு அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். காயலான் கடையில் ஒருமுறை கட்டர் வைத்துவிட்டால், அப்புறம் எந்த நிபுணர் வந்தாலும் அது வெறும் கிலோ கணக்குதான்.