விஸ்வநாததாஸ்

எஸ். எஸ். விஸ்வநாததாஸ் (1886 – 1940) சிவகாசியில் பிறந்த நாடகப் பாடகர், நடிகர், விடுதலைப் போராட்ட வீரர். அவர் பிறந்த காலத்தில் சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. பின்னாளில் அவர் திருமங்கலத்தில் குடியேறினார்.

ஸ்பெஷல் நாடகம் கொடிகட்டிப் பறந்த காலம் அது. நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அழைத்து வருவார்கள், ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ போன்ற கதைகள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் பாடகரின் போக்கைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய வாசிப்பார்கள். கதை பழையதாக இருந்தாலும் இடையில் எந்தப் பாட்டை நுழைப்பது என்பது பாடுபவர் கையில். விஸ்வநாததாஸ் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். கையெழுத்துப் பிரதியில் இல்லாத பாட்டை அதிகாரிகள் முன்கூட்டியே தடுப்பது எப்படி?

மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய ‘கொக்கு பறக்குதடி’ பாட்டு இதற்கு நல்ல சான்று. வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சிக்கு அது இயல்பாகப் பொருந்தியது. விரட்டப்படுவது எந்த வெள்ளைக் கொக்கு என்று கொட்டகையில் எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை, காவலுக்கு வந்த போலீஸ்காரர் உட்பட. விளைவு, கைதும் சிறையும். அவர் பலமுறை சிறை சென்றார். வெளியே வந்ததும் அடுத்த ஊர் மேடையில் மீண்டும் பாடினார். கதர் உடுத்தினார்.

அரசாங்கம் ஒருபுறம் நெருக்கியது, சாதி மறுபுறம். அவர் மருத்துவர் சமூகத்தில், அதாவது முடிதிருத்தும் குலத்தில் பிறந்தவர். அதனாலேயே அவருடன் ஜோடியாக நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தனர். கூட்டம் அவர் குரலுக்குக் கூடியது. உடன் நடிப்பதற்கு மட்டும் பிறப்பு குறுக்கே நின்றது. அவரைப் பற்றிய புகழுரைகள் இந்தப் பக்கத்தை மெல்லக் கடந்துபோவது நியாயமாகப் படவில்லை.

ஓயாத வழக்குகளும் சிறைவாசமும் உடலையும் கையிருப்பையும் கரைத்தன. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் முருகன் வேடமிட்டு, மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் தமிழக அரசு அவருக்கு நினைவில்லம் அமைத்துள்ளது.