பிச்சாவரத்து நெல்லுக்குள் யார்?

பிச்சாவரம் என்றதும் வீட்டுப் பெரியவர்களுக்குப் படகும் எம்.ஜி.ஆர். படமும் நினைவுக்கு வரும். சிதம்பரத்துக்குப் பக்கத்திலுள்ள அந்த அலையாத்திக் காட்டில் ஒரு காட்டு நெல்லும் வளர்கிறது. கடல்நீர் ஏறி இறங்கும் சேறு, உரம் போட யாரும் இல்லை. நாம் சாப்பிடும் அரிசியின் நெல்லை அங்கே நட்டால் கருகிவிடும். அப்படியானால் இதற்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது?

சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் லோகநாதனும் சுதா நாயரும் அதன் வேரிலும் தண்டிலும் பாக்டீரியாக்களைத் தேடினார்கள். தேடிய முறைக்கு வேர் பிரேசிலில் இருக்கிறது.

யோஹன்னா டூபரைனர் 1924-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கிருந்து விரட்டப்பட்ட ஜெர்மன் மொழிக்காரர்களில் ஒருவர், பிரேசிலில் குடியேறினார். (இந்தக் கதை நம் வீடுகள் பலவற்றுக்குப் புதிதல்ல.) அவர் கையாண்ட தந்திரம் எளிமையானது: பட்டினி போடுவது. நைட்ரஜனே இல்லாத, பாதி உறைந்த கூழில் செடியின் சாற்றை விடுவார். காற்றிலிருந்து நைட்ரஜனை எடுக்கத் தெரிந்த பாக்டீரியா மட்டுமே அதில் பெருகும். ஆனால் ஆக்ஸிஜன் அதிகமானால் அந்த வேலை கெட்டுவிடும். அதனால் அவை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, தமக்குப் பொருத்தமான ஆழத்தில், மெல்லிய திரையாகக் கூடும். 1988-இல் கரும்புக்குள் வாழும் ஒரு பாக்டீரியாவை அவரும் சக ஆய்வாளரும் அறிவித்தது இந்த வழியில்தான்.

பிச்சாவரத்து நெல்லிலிருந்தும் அப்படி ஒன்று கிடைத்தது. ஆனால் கிடைத்ததெல்லாம் புதிது ஆகிவிடாது. அது எந்தச் சர்க்கரையிலிருந்து அமிலம் உண்டாக்குகிறது, எவ்வளவு உப்பைத் தாங்குகிறது, உடலில் என்ன கொழுப்பு அமிலங்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பிறகு டி.என்.ஏ.வைச் சொந்தக்காரர்களுடன் ஒப்பிட வேண்டும். நெருங்கிய சொந்தம் 'அசாயா'. இந்தோனேசியாவிலும் தாய்லாந்திலும் பூக்களில் கிடைத்த பாக்டீரியா அது. ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல.

2004-இல் அதைப் புதிய இனமாக மட்டுமல்ல, புதிய பேரினமாகவே அறிவித்தார்கள்: 'சுவாமிநாதானியா சாலிடாலரன்ஸ்'. இரண்டாம் சொல்லுக்கு உப்பைத் தாங்குவது என்று பொருள். முதல் சொல் கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி சுவாமிநாதனின் பெயர். ரசாயன உரத்தை நம்பிய பசுமைப் புரட்சியின் நாயகர் பெயரை, தன் உரத்தைத் தானே காற்றிலிருந்து எடுக்கும் உயிர் சுமப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அதே ஆண்டு டிசம்பரில் சுனாமி வந்தது. கடலூர், நாகப்பட்டினம் வயல்களில் உப்புநீர் புகுந்தது. 3 சதவீத உப்பிலும் நன்றாக வளரும், உப்புக்கு நடுவிலும் நைட்ரஜனைப் பிடித்து பாஸ்பேட்டைக் கரைக்கும் ஓர் உயிர் அதே கரையோரத்தில் இருப்பது அதற்குள் தெரிந்திருந்தது. ஒரு பாக்டீரியாவால் வயல் மீண்டுவிடாது. எங்கே தேடலாம் என்று அது காட்டும். அதன் மாதிரி பெல்ஜியத்தில் ஒன்றும் சண்டிகரில் ஒன்றும் பாதுகாப்பில் இருக்கின்றன. சண்டிகரில் அதன் எண் 3852.