கெட்டிமேளமும் வீடியோ கேசட்டும்

தேவாலாவில் கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறவர்கள் பஞ்சாங்கத்தோடு மழையையும் பார்க்க வேண்டும். ஆனி முகூர்த்தம் என்றால் தகரக் கூரையில் கொட்டுகிற மழைச் சத்தத்தில் நாதஸ்வரமே அமுங்கிப்போகும். அந்தக் கால ஒலிப்பதிவுகளைக் கேட்டால் பாதி மழைதான்!

1963-இல் பிலிப்ஸ் கம்பெனி ஒலிநாடாவைச் சின்ன கேசட்டுக்குள் அடக்கியது. பிறகுதான் டேப் ரிக்கார்டர் மெல்ல வீடுகளுக்குள் வந்தது. எங்கள் பக்கத்தில் அதற்குத் தனி மரியாதை உண்டு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, டேன்டீ தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்கள் இங்கே அதிகம். பாதி உறவு அக்கரையிலேயே தங்கிவிட்டது. 1980களில் ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலும் நின்றது. பேத்தி கல்யாணத்துக்கு ஹட்டனிலிருந்து பாட்டி எப்படி வருவார்? கேசட்தான் போய் வந்தது.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியது. அதன் பின்னாலேயே வி.சி.ஆர்., அப்புறம் தோளில் தூக்கும் வீடியோ கேமரா, கண்ணைக் கூசவைக்கும் ஹாலஜன் விளக்கு. ஜே.வி.சி. 1976-இல் ஜப்பானில் வெளியிட்ட வி.எச்.எஸ். நாடாதான் எங்கும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே 'பால்' முறை என்பதால் இங்கே எடுத்தது அங்கேயும் ஓடியது. அமெரிக்காவுக்கு அனுப்பியவர்கள்தான் மாற்றிக் கொடுக்க ஆள் தேடினார்கள்.

படம் நன்றாகவே வந்தது. ஒலிதான் சோதனை. கேமராவோடு ஒட்டியிருந்த மைக் சத்தத்தின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும். கெட்டிமேளம் முழங்கியதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளும். தவில் ஓய்ந்த பிறகும் நிமிரச் சற்று நேரமாகும். பெரியவர்கள் அட்சதை போட்டு வாழ்த்துவதும் அப்போதுதான். எங்கள் வீட்டு நாடாவில் அப்பாவின் உதடு அசைகிறது, குரல் இல்லை. அவர் போய் இருபது வருஷம் ஆகிறது.

அதே கல்யாணத்தில் என் மச்சான் ஒருவர், யாரும் சொல்லாமலே, மணவறைக்குக் கீழே டேப் ரிக்கார்டரை வைத்திருந்தார். அதில் அப்பா இருமுவதும், "நல்லா இருங்கப்பா" என்பதும் தெளிவாகக் கேட்கிறது. ஒலி வாங்கும் கருவி பேசுகிறவர் அருகில் இருக்க வேண்டும். இன்று சட்டையில் குத்துகிற சின்ன மைக்கும் அதைத்தான் செய்கிறது.

வி.சி.ஆர். செய்வதை ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. நம் ஈரத்தில் நாடாவில் பூசணமும் பூக்கும். உங்கள் வீட்டு அலமாரியை இந்த மழைக்கு முன்பே திறந்து பாருங்கள். கேசட்டின் கண்ணாடி வழியே வெள்ளையாகத் தெரிந்தால் தயவுசெய்து ஓட்டிப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துவிடும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஆடியோ கேசட்டையும் மறக்காமல் கூடவே கொடுங்கள்.