சிரட்டைக்குள் ஒரு மணிமாலை

‘பதேர் பாஞ்சாலி’யில் துர்கா திருடிய மணிமாலையைத் தொடாமல், நம் நாட்டுப் படங்களில் பொருட்கள் கதை சொல்லத் தொடங்கிய வரலாற்றை என்னால் எழுத முடியாது. கோடம்பாக்கத்தில் கலை இயக்குநர்களிடம் உதவியாளனாகவே வாழ்ந்தவன் நான். துணியைத் தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழசாக்குவதும் புதுச் சொம்பை உப்புத்தாளால் தேய்ப்பதும் கை பழகிய வேலை. அந்தச் சொம்பு கதைக்குள் எப்படி நுழைய வேண்டும் என்பதைக் காட்டிக்கொடுத்தவர், நான் நேரில் பார்த்தேயிராத பன்ஸி சந்திரகுப்தா.

1924இல் பிறந்த காஷ்மீரி அவர். ஓவிய ஆசையோடு கல்கத்தா வந்து, 1947இல் சத்யஜித் ராய் முதலானோருடன் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். ‘தி ரிவர்’ எடுக்க ழான் ரெனுவார் அங்கே வந்தபோது, அவருடைய கலை இயக்குநர் யூஜின் லூரியேவிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ரெனுவாரின் ‘தி ரூல்ஸ் ஆஃப் தி கேம்’ படத்திலும் வேலை செய்தவர் லூரியே. அதில் பிரபு ஆசையாகச் சேர்த்துவைத்திருக்கும் இசைப்பொறிப் பொம்மைகளே அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடும்.

1952 கடைசியில் ராய், சந்திரகுப்தாவைக் கலை இயக்குநராக வைத்து, ‘பதேர் பாஞ்சாலி’யின் படப்பிடிப்பைத் தொடங்கினார். போரால் என்னும் கிராமத்தில் ஒரு பாழடைந்த வீடு. பணம் தீர்ந்து, நின்று நின்று, படம் 1955 ஆகஸ்டில்தான் வெளிவந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைக் கேட்டாலே வயிறு கலங்கும். எத்தனை மாதம் இடைவெளி விழுந்தாலும் அதே சொம்பு அதே நெளிவோடு வந்தாக வேண்டும்.

கிழவி இந்திரின் சொம்பு அது. கடைசியாக வீட்டுக்கு வரும்போது, குடித்து மிஞ்சிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறாள். பிறகு மூங்கில் தோப்பில் அவள் இறந்து கிடக்க, சொம்பு உருண்டுபோய் நீரில் விழுகிறது.

மாலைக்கு இன்னும் நீண்ட ஆயுள். அண்டை வீட்டுக்காரி துர்காமேல் பழி சொல்கிறாள். விளையாட்டுப் பெட்டியைத் துழாவியும் மாலை கிடைக்கவில்லை. தாய் மகளின் தலைமுடியைப் பிடித்திழுத்து வெளியே தள்ளுகிறாள். துர்கா இறந்தபின், குடும்பம் காசிக்கு மூட்டை கட்டும் நேரத்தில், தம்பி அப்பு மேல்தட்டிலிருந்து எடுக்கும் சிரட்டைக்குள் அந்த மாலை. குளத்துக்கு ஓடி எறிகிறான். பாசி விலகுகிறது, மெல்ல மூடிக்கொள்கிறது.

படத்துக்கு மூலமான விபூதிபூஷணின் நாவலில் அப்பு கண்டெடுப்பது தங்கக் குங்குமச் சிமிழ். எறிவது மூங்கில் புதருக்குள். ராய் இரண்டையும் மாற்றினார். எனக்கு இது மேதைமையான தேர்வு. மாலைக்காக அந்தப் பெண் பட்ட அடியை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். சிரட்டையைக் கவிழ்த்த நொடியிலேயே எல்லாம் புரிந்துவிடுகிறது. புதருக்குள் விழுந்தால் பொருள் காணாமல் போகும், அவ்வளவுதான். அக்காவின் ரகசியத்தைத் தம்பி மூடிவைப்பதைக் குளம்தான் காட்டும். நாவலின் சிறுவர் பதிப்புக்கு 1940களிலேயே படம் வரைந்தவர் ராய். எதை வரைந்தால் கதை நிற்கும் என்று அப்போதே யோசித்த கை.

1977இல் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’யிலும் ராயும் சந்திரகுப்தாவும்தான். ஒருவரின் மனைவி சதுரங்கக் காய்களை ஒளித்துவிட, லக்னோ பிரபுக்கள் இருவரும் தக்காளி, எலுமிச்சை, கொட்டைகளைக் கட்டத்தில் அடுக்கி ஆட்டத்தைத் தொடர்கிறார்கள். பார்க்கிறவர்கள் அவர்களுடைய பைத்தியத்தைப் பார்ப்பார்கள். நான் தக்காளியைப் பார்ப்பேன். விளக்குச் சூட்டில் அது சீக்கிரம் வதங்கிவிடும். அதே அளவில், அதே சிவப்பில், ஒரு கூடை தயாராக வைத்துக்கொண்டு யாராவது கேமராவுக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டும்.