ஆற்றில் கொட்டிய அருவிலை உலோகம்

இன்று நகைக் கடைகளில் வைரக் கல்லைத் தாங்கி நிற்கும் பிளாட்டினம், ஒரு காலத்தில் கலப்படப் பொருளென்று வெறுக்கப்பெற்று ஆற்றில் கொட்டப்பட்டது. அதன் பெயரே ஓர் இகழ்ச்சிப் பெயர்தான். ஸ்பானிய மொழியில் ‘பிளாட்டா’ என்றால் வெள்ளி. ‘பிளாட்டினா’ என்றால் சிறு வெள்ளி, அற்ப வெள்ளி. தமிழில் இதனை வெண்பொன் என்பாரும் உளர். ஆனால் பழைய அகராதிகளில் வெண்பொன் என்பது வெள்ளியையே குறிக்கும். ஆதலின் மாணவர்க்கு அச்சொல்லைக் கற்பிக்கும்போது பொருள் மயக்கம் நேராமல் காத்தல் வேண்டும்.

தென்னமெரிக்காவில், இன்றைய கொலம்பியாவின் மேற்கே உள்ள சோக்கோப் பகுதியில் ஆற்று மணலை அரித்துப் பொன் எடுத்த ஸ்பானியருக்கு, பொன் துகளோடு இவ்வெண் துகளும் சேர்ந்தே கிடைத்தது. கனம் மிகுந்ததால் நீரில் அரித்தபோது அது பொன்னை விட்டு நீங்கவில்லை. உலையில் இட்டால் உருகவுமில்லை. பொன் 1,064 பாகை செல்சியசில் உருகும். பிளாட்டினத்துக்கோ 1,768 பாகை வேண்டும். அக்காலத்து உலைகளில் அத்துணை வெப்பம் ஏது? 1748 ஆம் ஆண்டில் வெளியான தம் பயண நூலில், அந்தோனியோ தெ உல்லோவா என்பார், இப்பொருள் மிகுந்த சுரங்கங்கள் கைவிடப்பட்டதைக் குறித்திருக்கிறார். பொன்னினும் அடர்த்தி மிக்கதாதலின், அதனைப் பொன்னில் கலந்தால் நிறைகோல் காட்டிக் கொடாது. அந்த அச்சத்தினாலேயே அரசு அலுவலர் அதனை ஆற்றில் கொட்டச் செய்தனர்.

ஆயின், ஸ்பானியர் அங்குக் கால் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, அதே பசிபிக் கரையில் சற்றுத் தெற்கே வாழ்ந்த மக்கள் இதனால் நகை செய்து அணிந்தனர். இன்றைய எக்குவடோர் நாட்டில், சந்தியாகோ ஆற்று முகத்துவாரத்தில் உள்ள லா தொலிதா என்னும் தீவே அவர்தம் கைத்தொழில் நிலையம். அவர்களிடமும் பிளாட்டினத்தை உருக்கும் உலை இல்லை. ஆனால் அதை உருக்கித்தான் ஆகவேண்டும் என்று அவர்கள் கருதவில்லை. பிளாட்டின மணிகளோடு சிறிது பொன்தூள் சேர்த்துக் கரிமேல் வைத்து ஊதுகுழலால் ஊதினர். பொன் மட்டும் உருகி மணிகளைச் சூழ்ந்து பிணைத்தது. பின் அதைத் தட்டினர், காய்ச்சினர், மீண்டும் தட்டினர். இவ்வாறு பலமுறை செய்யவே, இரண்டும் ஒன்றுள் ஒன்று ஊடுருவி வெண்ணிறத் தகடாயின. நம் பொற்கொல்லர் பற்றவைப்பதைப் பார்த்திருப்போர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். இந்நுட்பத்தை ஆராய்ந்து 1937 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் டென்மார்க்கு நாட்டுப் பொறியியலாளர் பால் பெர்க்சோ.

ஐரோப்பாவில் இவ்வுலோகம் வசப்பட நெடுநாள் ஆயிற்று. 1780களில் ஸ்பெயினில் பணிபுரிந்த பிரெஞ்சு வேதியியலார் சபானோ அதைத் தகடாக்கினார். இங்கிலாந்தில் உல்லாஸ்டன் பிளாட்டினத்தைத் தூளாக்கி, அழுத்தி, காய்ச்சி, தட்டிக் கட்டியாக்கினார். அம்முறையால் பெரும் பொருளும் ஈட்டினார். அதனை அவர் உலகறியச் சொன்னது 1828 ஆம் ஆண்டில், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்புதான். உருக்காமலே துகளை இணைத்தல் என்னும் அடிப்படையில், அவர் சென்ற வழி தொலிதாக் கம்மியர் சென்ற வழியே அன்றோ! ரஷ்ய அரசு 1828 முதல் 1845 வரை இதில் ரூபிள் காசுகளும் அடித்தது.

உயிர்வளியும் நீர்வளியும் சேர்ந்தெரியும் உலை 1850களில் பிரான்சில் அமைந்த பின்னரே உருக்குதல் எளிதாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசு நகரக் கார்த்தியே நிறுவனத்தார் போன்றோர் இதை வைர நகைக்கு உகந்ததாக்கினர். அதற்குமுன் ஐரோப்பியர் வைரத்தைப் பெரும்பாலும் வெள்ளியில் பதித்தனர்; வெள்ளி கறுக்கும், மெல்லியதாயின் வளையும். பிளாட்டினமோ நூல்போல் மெலிந்தும் கல்லை இறுகப் பற்றும்.

லா தொலிதாவின் மண்மேடுகளைப் பிற்காலத்தார் பொன்னுக்காகத் தோண்டினர். கிடைத்த பழம்பொருள்களில் பலவற்றை உருக்கிவிட்டனர். அதற்குத் தப்பிய சிறு மூக்கணிகளும் முகமூடிகளுமே அக்கம்மியரின் கைத்திறனுக்கு இன்று எஞ்சியிருக்கும் சான்றுகள்.