நான்காவதாக வந்த பிள்ளையின் ஆசிரியர்



2021 ஆகஸ்ட் 19 அன்று ஓ.எம். நம்பியார் காலமானார். பெயரைச் சொன்னால் பலருக்கு உடனே ஞாபகம் வராது. பி.டி. உஷாவின் கோச் என்றால், "ஓ, அவரா!" என்பார்கள். ஆசிரியர் வேலை பார்த்தவர்களுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நம்மை ஊருக்குத் தெரிய வைப்பது நம் பிள்ளைகள்தானே.

முழுப்பெயர் ஒதயோத்து மாதவன் நம்பியார். 1932இல் பிறந்தவர். கேரளத்தில் வடகரைக்குப் பக்கத்தில் உள்ள மணியூரில் வாழ்ந்தவர். விமானப்படையில் 15 ஆண்டுகள் வேலை பார்த்து, 1970இல் சார்ஜென்ட்டாக ஓய்வு பெற்றார். அதற்கு முன்பே பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் படிப்பை முடித்திருந்தார். பிறகு கேரள விளையாட்டுக் கவுன்சிலில் சேர்ந்தார்.

1976இல் கேரள அரசு கண்ணூரில் மாணவிகளுக்காக விளையாட்டுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கவும் பயிற்சி எடுக்கவும் ஏற்பாடு. அதில் சேர்ந்தவர்களில் பய்யோளியைச் சேர்ந்த 12 வயது உஷாவும் ஒருவர். ஒரு பரிசளிப்பு விழாவில்தான் நம்பியார் அந்தப் பிள்ளையைக் கவனித்திருக்கிறார். ஒல்லியான உடம்பும் வேகமான நடையும் அவர் கண்ணில் பட்டன. ஓடுவதைப் பார்ப்பதற்கு முன்பே நடையைப் பார்த்திருக்கிறார், பாருங்கள்!

எடுத்த எடுப்பிலேயே ஒரே போட்டியில் கட்டிப்போடவில்லை. 1978இல் கொல்லத்தில் நடந்த மாநிலங்களுக்கு இடையிலான ஜூனியர் போட்டியில் உஷா 4 தங்கம் வாங்கினார். அதில் ஒன்று உயரம் தாண்டுதலுக்கு! 1980இல் 16 வயதில் மாஸ்கோ ஒலிம்பிக். முதல் சுற்றைத் தாண்டவில்லை. 1982 டில்லி ஆசிய விளையாட்டில் 100, 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி.

பிறகுதான் 400 மீட்டர் தடை ஓட்டம். பெண்களுக்கான இந்தப் போட்டி 1984இல்தான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. மொத்தம் 10 தடைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 35 மீட்டர். வேகம் மட்டும் போதாது. எத்தனை எட்டில் அடுத்த தடைக்கு வருகிறோம் என்பது பிசகாமல் இருக்க வேண்டும். ஓர் எட்டு தவறினால் ஓட்டமே குலைந்துவிடும்.

இதற்கெல்லாம் நம்பியாரிடம் இருந்த வசதி என்ன? பய்யோளிக் கடற்கரை. மணலில் காலை ஊன்றினால் மணல் உள்ளே வாங்கும். காலைத் திருப்பித் தள்ளாது. ஒவ்வொரு எட்டுக்கும் கணுக்காலும் கெண்டைக்காலும் கூடுதலாக உழைக்க வேண்டும். அந்த மணலிலும் அலையடிக்கும் தண்ணீரிலும் ஓடித்தான் உஷாவின் கால்கள் உரமேறின.

1984 ஆகஸ்ட் 8, லாஸ் ஏஞ்சலிஸ். அரையிறுதியில் 55.54 விநாடியில் உஷா முதலிடம். இறுதிப் போட்டியில், முதல் தடவை புறப்பட்டது செல்லாது என்று எல்லாரையும் திருப்பி அழைத்து, மறுபடியும் ஓடவிட்டார்கள். மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கல் தங்கம் வாங்கினார். மூன்றாவது வந்த ருமேனியப் பெண்ணின் நேரம் 55.41. உஷா 55.42. ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு!

அந்தச் செய்தியை நான் ரேடியோவில் கேட்டேன். ஆசிரியர் பயிற்சி முடித்து, ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. நம்பியார் அன்று அழுது தீர்த்ததாகவும், அந்த நிமிடத்தை மறக்கவே முடியவில்லை என்றும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வருடத்தைப் பற்றி. 1985 ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் உஷா 5 தங்கம், 1 வெண்கலம். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் 4 தங்கம், 1 வெள்ளி. தோற்ற பிள்ளையைத் தேற்றி, மறுபடியும் விடியற்காலையில் எழுப்பி, மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும். இன்று பள்ளிகளில் ஆலோசகர் என்று தனியாக ஒருவரை வைக்கிறார்கள். அந்தக் காலத்தில் அந்த வேலையும் கோச்சுடையதுதான்.

இதை ஏன் எழுதுகிறேன் தெரியுமா? எங்கள் பள்ளியில் பி.டி. மாஸ்டர் கிடையாது. விளையாட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை வெறுங்காலில் பறப்பாள். வட்டாரப் போட்டிக்குக் கூட்டிப் போனேன். நான்காவதாக வந்தாள். அழுதுகொண்டே வந்து, "டீச்சர், கொஞ்சத்துல போயிருச்சு டீச்சர்" என்றாள். "பரவாயில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, நான் பேர்ப்பட்டியல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் அவள் வரவில்லை. பெரிய மனுஷி ஆகிவிட்டாள், வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்றார்கள். அவள் வீடு பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நிமிட நடை. ஒரு சாயங்காலம் போய் அவள் அப்பாவிடம் பேசியிருக்கலாம். அவர் கேட்டிருப்பாரோ, மாட்டாரோ. நான் போகவில்லை. 33 வருட வேலையில் எத்தனையோ பிள்ளைகளை மேலே ஏற்றிவிட்டிருக்கிறேன். ஆனாலும் நம்பியாரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவள் முகம்தான் வருகிறது.

1985இல் துரோணாச்சார்யா விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர்களில் நம்பியாரும் ஒருவர். பத்மஸ்ரீ அறிவிக்க 2021 ஆகிவிட்டது. அப்போது அவருக்கு வயது 88. உடல்நலம் குன்றியிருந்தார். விருது வழங்கும் விழா நடப்பதற்கு முன்பே கண்மூடிவிட்டார்.

அவர் கற்றுக்கொடுத்தது அவரோடு நின்றுவிடவில்லை. 2002இல் உஷா தானே ஒரு தடகளப் பள்ளி தொடங்கினார். அங்கே வளர்ந்த டின்டு லூக்கா ஒலிம்பிக் வரை ஓடினார்.

இப்போது வேலையில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பரிசு வாங்கிய பிள்ளையோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அன்று சாயங்காலம் நான்காவதாக வந்த பிள்ளையின் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

நம்பியார் மாஸ்டருக்கு என் வணக்கம்.